போஸ்ட்மேன்ல வேலை செய்யுது, சேர்வரில 401: ஹெடர் எங்க துலையுது எண்டு தேடுற விதம்

ஏபிஐ ஒண்டோட, அதாவது வேற கம்பனியிட சேவையை உங்கட புரோகிராம் கூப்பிடுற வழியோட, முதல் தரம் சேர்வரை இணைக்கிற ஆக்கள் கனபேர் வந்து நிக்கிற இடம் இது தான். ரிக்வெஸ்டைக் கையால அனுப்பிப் பாக்கிற போஸ்ட்மேன் எண்ட கருவியில கீயை (உங்களை அடையாளம் காட்டுற ரகசியக் குறியீடு) போட்டு அனுப்பினா வடிவா பதில் வருது, அதே கீயைக் கோட்டில போட்டு சேர்வரில ஏத்தினா 401 எண்டு முகத்தில அடிக்குது. உடன என்ன செய்யினமெண்டா டாஷ்போர்டுக்குப் போய் புதுக் கீ எடுக்கினம். அதைச் செய்யாதீங்கோ. கன இடங்களில புதுக் கீ எடுத்த உடன பழைய கீ செத்துப்போகும், அந்தப் பழைய கீயில ஒழுங்கா ஓடிக்கொண்டிருந்த வேற ஒரு சேவையும் சேர்ந்து விழும், பிறகு ஒரு கரைச்சல் ரெண்டாகும். கீ பிழையா இருக்கிறது குறைவு, கீ போற வழியில துலையிறது தான் கூட. அதால நாங்க தேட வேண்டியது எந்த இடத்தில துலைஞ்சது எண்டதை.

விளங்கிறதுக்கு ஒரு உதாரணத்தை வச்சுக்கொள்ளுவம். புறக்கோட்டையில ஒரு மொத்தக் கடை, ஓடர் வந்த உடன வாங்கினவருக்கு எஸ்எம்எஸ் போகோணும். உங்கட கோட் சிங்கப்பூரில ஒரு கிளவுட் மெஷினில ஓடுது, எஸ்எம்எஸ் அனுப்பிற கம்பனி உங்களுக்கு ஒரு ஏபிஐ கீ தந்து "எக்ஸ்-ஏபிஐ-கீ எண்ட ஹெடரில போட்டு அனுப்புங்கோ" எண்டு சொல்லியிருக்கு. ஹெடர் எண்டா ரிக்வெஸ்டோட சேர்ந்து போற குறிப்பு வரி. அந்தக் கீ முதல்ல உங்கட என்வயர்மென்ட் வேரியபிளில, அதாவது கோட்டுக்கு வெளியில மெஷின் வச்சிருக்கிற பெறுமதியில, இருக்கு, அங்க இருந்து கோட் எடுக்குது, கோட்டிட்ட இருந்து எச்டிடிபி லைப்ரரி வாங்குது, அது இன்டர்நெட்டுக்கு விடுது, அங்கால போனா அவங்கட சிடிஎன் (முன்னுக்கு நிண்டு பதிலைக் குடுக்கிற சேர்வர்கள்), பிறகு ஏபிஐ கேட்வே (உள்ள வாற ரிக்வெஸ்டைச் சோதிக்கிற வாசல்), பிறகு என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ எண்ட வெப் சேர்வர், கடைசியில தான் கீயைப் பாக்கிற புரோகிராம். இத்தனை கையில எந்தக் கையிலயும் அது விழலாம்.

முதல்ல பதிலை முழுசா வாசியுங்கோ

ஸ்டேட்டஸ் நம்பரை மட்டும் பாத்திட்டு ஓடாதீங்கோ. வெள்ளவத்தை ஃப்ளாட் ஒண்டுக்குப் போறீங்க எண்டு நினையுங்கோ: கேட்டில நிக்கிற செக்கியூரிட்டி "நீங்க ஆர்?" எண்டு கேட்டு மறிச்சா அது 401, அவருக்கு உங்களை அடையாளம் தெரியேல்ல. "உங்களைத் தெரியும், ஆனா அந்த மாடிக்கு விட ஏலாது" எண்டா அது 403. 401 எண்டா ஹெடர் போய்ச் சேரேல்ல, இல்லாட்டி சேர்ந்தும் பிழையா இருக்கு. 403 எண்டா கீயை விட்டிட்டு பெர்மிஷனையும் ஐபி விலாசத்தையும் பாருங்கோ. 407 வந்தா ஏபிஐ-யே பேசேல்ல, நடுவில இருக்கிற ப்ரொக்ஸி தனக்கு லொகின் கேக்குது, இது ஒபிஸ் நெட்வேர்க்குகளில வாறது. 431 எண்டா ஹெடர் அளவுக்கு மிஞ்சிப் பெரிசு, அனேகமா ஜேடபிள்யூடி டோக்கனுக்குள்ள (விபரம் வச்சுக் கையெழுத்துப் போட்ட கீ மாதிரி ஒண்டு) ஆரோ ஊரையே அடைச்சு வச்சிருக்கினம்.

எண்டாலும் எல்லா ஏபிஐ-யும் இந்த ஒழுங்கை மதிக்கிறேல்ல, அதால நம்பரை விட முக்கியம் ஆர் மறிச்சது எண்டது. பதில் ஜேசனா, அதாவது புரோகிராம் வாசிக்கிற தரவு வடிவத்தில, வந்தா அனேகமா ஏபிஐ பேசுது, எச்டிஎம்எல் பக்கமா வந்தா நடுவில நிக்கிற ஃபயர்வோலோ சிடிஎன்-ஓ பேசுது. பதிலோட வாற ஹெடர்களில "சேர்வர்" எண்டு ஒண்டு இருந்தா அதையும் பாருங்கோ. 401-ஓட "டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஓதென்டிகேட்" எண்டு ஒரு ஹெடர் வரோணும் எண்டது எச்டிடிபி விதி, அது வந்தா அதுக்குள்ள எந்த வகை ஓதென்டிகேஷன் கேக்கினம் எண்டு எழுதியிருக்கும். நீங்க தனி ஹெடரில கீ அனுப்ப அது பேரர் (ஓதரைசேஷன் எண்ட ஹெடரில டோக்கனை அனுப்பிற வகை) கேக்குதெண்டா விசயம் அங்கயே முடிஞ்சுது.

கேட்வேக்குக் கேட்வே கதை மாறும். கொழும்பில டபிள்யூஎஸ்ஓ2 ஏபிஐ மெனேஜர் கொஞ்சம் கூடவே கண்ணில படும், ஏனெண்டா அது எங்கட ஊரில வளர்ந்த கம்பனி. அதில 900902 எண்டு வந்தா கீயோ டோக்கனோ வந்து சேரேல்ல எண்டு அர்த்தம், 900901 எண்டா வந்தது ஆனா செல்லாது, 900908 எண்டா டோக்கன் சரி, ஆனா அந்த ஏபிஐ-க்கு நீங்க சப்ஸ்கிரைப் பண்ணேல்ல எண்டது மாதிரியான காரணம். 900902-க்கும் 900901-க்கும் இடையில இருக்கிற வித்தியாசம் உங்களுக்கு அரை நாள் வேலையை மிச்சம் பிடிச்சுத் தரும், ஒண்டில வழியைத் தேடோணும், மற்றதில கீயைத் தேடோணும். அமேசன் ஏபிஐ கேட்வேயில இன்னொரு கூத்து இருக்கு: "மிஸ்ஸிங் ஓதென்டிகேஷன் டோக்கன்" எண்டு 403 வரும், ஆக்கள் ஹெடரைப் போட்டு உருட்டுவினம், பாத்தா கனதரம் யுஆர்எல் பாதை தான் பிழை, ஸ்டேஜ் பெயரை விட்டிருப்பினம், இல்லாட்டி கெட் போடவேண்டிய இடத்தில போஸ்ட் போட்டிருப்பினம்.

ஹெடரிட பெயரும் வடிவமும்

டொக்கியுமென்டேஷனைத் திறந்து பெயரை எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாருங்கோ. பெரிய எழுத்து சின்ன எழுத்தால பிரச்சினை வராது, ஹெடர் பெயரில அது ரெண்டும் ஒண்டு தான், எச்டிடிபி 2-ல எல்லாம் கட்டாயம் சின்ன எழுத்தா தான் போகும். ஆனா ஹைபனும் அன்டர்ஸ்கோரும் ஒண்டில்ல, அது பெரிய கதை, கீழ சொல்லுறன். "எக்ஸ்" எண்டு முன்னுக்குப் போடுற பழக்கத்தை இனி புது ஹெடர்களுக்கு வேண்டாம் எண்டு 2012-ல வந்த ஆர்எஃப்சி 6648 எண்ட இன்டர்நெட் ஆவணம் சொல்லிட்டுது, ஆனா ஆரும் விட்ட மாதிரித் தெரியேல்ல, அதால ஒரு கம்பனி எக்ஸோட கேக்கும், இன்னொரு கம்பனி எக்ஸ் இல்லாமக் கேக்கும், ஊகிக்க வேண்டாம்.

கீயை ஓதரைசேஷன் ஹெடரில கேக்கினமெண்டா முன்னுக்கு ஸ்கீம் பெயர் வேணும். "பேரர்" எண்ட சொல், ஒரு ஸ்பேஸ், பிறகு டோக்கன். ஸ்பேஸ் இல்லாட்டி செல்லாது. டாஷ்போர்டில கொப்பி பண்ணேக்க "பேரர்" எண்ட சொல்லும் சேர்ந்து வந்து, கோட்டும் தன்ர பங்குக்கு ஒரு பேரர் சேர்த்து, ரெண்டு பேரரோட போற ரிக்வெஸ்டுகள் கனக்க இருக்கு. போஸ்ட்மேன்ல ஓதரைசேஷன் டாப்பில போட்டா அது தானாவே பேரர் சேர்க்கும், அதை அறியாம ஆக்கள் வெறும் டோக்கனை மட்டும் கோட்டுக்குக் கொண்டு போவினம், "அங்க வேலை செய்தது இஞ்ச செய்யேல்ல" எண்ட புதிருக்கு இது ஒரு வழக்கமான விடை.

பேசிக் எண்டா யூசர்நேமும் பாஸ்வேர்டும் நடுவில ஒரு முக்காற்புள்ளியோட சேர்த்து பேஸ்64 எண்ட எழுத்து வடிவத்துக்கு மாத்தோணும். சில ஏபிஐ-கள் கீயை யூசர்நேமா எடுத்து பாஸ்வேர்டை வெறுமையா விடச் சொல்லும், காசு வாங்கிற ஸ்ட்ரைப் ஏபிஐ-யிலயும் அப்படிச் செய்யலாம். பாஸ்வேர்ட் இல்லாட்டியும் அந்த முக்காற்புள்ளி இருக்கத் தான் வேணும்.

இன்னொரு சிக்கல்: ஸ்டேஜிங், அதாவது சோதினைத் தளத்துக்கு வெளியாக்கள் வராம இருக்க பேசிக் பாஸ்வேர்ட் ஒண்டு போட்டிருப்பீங்க, உள்ளுக்குள்ள ஏபிஐ பேரர் டோக்கன் கேக்கும். ரெண்டுக்கும் ஒரே ஓதரைசேஷன் ஹெடர் தான், ஒரு ரிக்வெஸ்டில ரெண்டையும் வைக்க ஏலாது. ஒண்டை வேற ஹெடருக்கு மாத்துங்கோ, இல்லாட்டி ஸ்டேஜிங்கை ஐபி விலாசத்தால பூட்டுங்கோ.

கையால அனுப்பிப் பாருங்கோ, அதுவும் அதே சேர்வரில இருந்து

லேப்டொப்பில இருந்து பாக்கிறதால பாதிக் கேள்விக்குத் தான் பதில் கிடைக்கும். எஸ்எஸ்எச் (தூரத்து மெஷினுக்குள்ள கமாண்டால நுழையிற வழி) போட்டு சேர்வருக்குள்ள போங்கோ, ரிக்வெஸ்ட் அனுப்பிற கேர்ல் கமாண்டில ஹைபன் சின்ன வி சேர்த்து, கோட் கூப்பிடுற அதே யுஆர்எல்லை அதே ஹெடரோட கூப்பிடுங்கோ. திரையில பெரிது அடையாளத்தோட, அதாவது வலப்பக்கம் பாத்த அம்புக்குறி மாதிரி இருக்கிற அதோட, தொடங்கிற வரி எல்லாம் நீங்க அனுப்பினது, சிறிது அடையாளத்தோட தொடங்கிறது எல்லாம் அங்கால இருந்து வந்தது. அனுப்பின வரிகளில உங்கட ஹெடர் இருக்கோ எண்டு பாருங்கோ, அவ்வளவு தான் முதல் வேலை.

கீக்குள்ள டொலர் அடையாளம் இருந்தா இரட்டை மேற்கோளுக்குள்ள போடாதீங்கோ, லினக்ஸ் டெர்மினலில கமாண்டை வாசிக்கிற பாஷ் அதை வேரியபிள் எண்டு நினைச்சு டொலருக்குப் பின்னால இருக்கிறதை விழுங்கிப் போடும். ஒற்றை மேற்கோளுக்குள்ள போடுங்கோ. விண்டோஸ் கமாண்ட் ப்ரொம்ட்டில நேர்மாறு, அங்க ஒற்றை மேற்கோள் வேலைக்கு ஆகாது. இன்னொண்டு, ஹெடர் பெயரும் முக்காற்புள்ளியும் மட்டும் குடுத்து பெறுமதியை வெறுமையா விட்டா கேர்ல் அந்த ஹெடரையே அனுப்பாது, ஸ்கிரிப்டில வேரியபிள் வெறுமையா இருந்தா இப்படித் தான் ஹெடர் சத்தமில்லாமக் காணாமப் போகும்.

லேப்டொப்பில சரி, சேர்வரில கையால அனுப்பினாலும் பிழை எண்டா கோட்டைத் தொடாதீங்கோ, ஐபி-யை யோசியுங்கோ. உள்ளூர்க் கம்பனிகள், விசேசமா காசு சம்பந்தப்பட்ட ஏபிஐ வச்சிருக்கிற ஆக்கள், நீங்க குடுத்த ஐபி-யில இருந்து மட்டும் வர விடுவினம். வீட்டு ஃபைபர் கனெக்‌ஷனில ஐபி மாறிக்கொண்டிருக்கும், மொபைல் ரவுட்டரில உங்களோட சேர்ந்து கனபேர் ஒரே ஐபி-யில இருப்பினம், அதால "நேத்து வேலை செய்தது இண்டைக்கு இல்ல" எண்டது வீட்டில இருந்து டெஸ்ட் பண்ணுற ஆக்களுக்கு வாற வருத்தம். சேர்வர் வெளியில போகேக்க எந்த ஐபி-யோட போகுது எண்டு பாத்து அதைக் குடுங்கோ. உள்ள வாற ஐபி-யும் வெளிய போற ஐபி-யும் ஒண்டா இருக்கோணும் எண்டு கட்டாயம் இல்ல.

கையால அனுப்பினா சரி, கோட் அனுப்பினாத் தான் பிழை எண்டா சந்தோசப்படுங்கோ, பிரச்சினை உங்கட வீட்டுக்குள்ள இருக்கு.

கோட் உண்மையில என்ன அனுப்புது?

கோட்டை வாசிச்சு ஊகிக்கிறதை விட அனுப்பினதைப் பிடிச்சுப் பாக்கிறது கெதியான வேலை. சேர்வரிலயே நெட்கேட்டை (வாறதை அப்படியே காட்டுற சின்னக் கருவி) 8080 போர்ட்டில கேட்டுக்கொண்டிருக்க விடுங்கோ, கோட்டில ஏபிஐ விலாசத்தை தற்காலிகமா லோக்கல்ஹோஸ்ட் 8080 எண்டு மாத்துங்கோ, எச்டிடிபிஎஸ் இல்லாம வெறும் எச்டிடிபி. டொக்கருக்குள்ள, அதாவது கன்டெய்னர் எண்ட தனிப்பெட்டிக்குள்ள, கோட் ஓடுதெண்டா லோக்கல்ஹோஸ்ட் எண்டது அந்தக் கன்டெய்னரைத் தான் குறிக்கும், அப்ப நெட்கேட்டையும் அதே கன்டெய்னருக்குள்ள ஓட விடுங்கோ. கோட் கூப்பிட்ட உடன ரிக்வெஸ்ட் அப்படியே வெறும் எழுத்தா திரையில விழும். இன்டர்நெட்டில ரிக்வெஸ்டைத் திருப்பிக் காட்டுற தளங்கள் இருக்கு, அதுகளுக்கு உண்மையான கீயை அனுப்பாதீங்கோ, பொய்க் கீ ஒண்டைப் போட்டு வேணுமெண்டா பாருங்கோ.

பைதனில ரிக்வெஸ்ட்ஸ் எண்ட லைப்ரரி பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேர்வரில அந்த யூசரிட ஹோம் ஃபோல்டரில நெட்ஆர்சி எண்டு ஒரு ஒளிச்ச ஃபைல் இருந்து அதில அதே ஹோஸ்டுக்கு லொகின் இருந்தா, நீங்க கையால வச்ச ஓதரைசேஷன் ஹெடரை அது மேவிப் போடும். இது அவங்கட டொக்கியுமென்டேஷனிலயே எழுதியிருக்கு, ஆனா ஆர் வாசிக்கினம்.

கீக்குள்ளயே ஒளிஞ்சிருக்கிறது

இந்தப் பகுதியில கொஞ்சம் ஆறுதலா நிப்பம், கூடப் பேர் சறுக்கிறது இஞ்ச தான்.

லொக்கில கீயை முழுசா எழுதாதீங்கோ, அதுக்குப் பதிலா கீயிட நீளத்தை மட்டும் எழுதுங்கோ. டாஷ்போர்டில கீ 32 எழுத்து எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. லொக்கில 0 வந்தா என்வயர்மென்ட் வேரியபிள் கோட்டுக்கு வந்தே சேரேல்ல. 33 வந்தா கடைசியில ஒரு ஸ்பேஸோ நியூலைனோ ஒட்டியிருக்கு. 34 வந்தா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி சேர்ந்து வந்திருக்கு. 32-ஐ விடக் குறைஞ்சா ஏதோ ஒரு விசேச எழுத்து மிச்சத்தைத் திண்டிட்டுது, அனேகமா என்வ் ஃபைலில (வேரியபிளை எழுதி வைக்கிற ஃபைல்) ஹாஷ் அடையாளத்துக்குப் பிறகு வாறதை கொமென்ட் எண்டு எடுத்திருக்கும், இல்லாட்டி டொலர். இந்த ஒரு நம்பரால அரைவாசிக் கேஸ் முடிஞ்சிடும், மிச்சத்துக்குத் தான் மூளை வேணும்.

0 வந்தா: டொக்கர் கொம்போஸில என்வ் ஃபைலை மாத்திட்டு ரீஸ்டார்ட் மட்டும் குடுத்தா புதுப் பெறுமதி போகாது, கன்டெய்னரைத் திருப்பி உருவாக்கோணும், அப் கமாண்டைத் திரும்பக் குடுத்தாப் போதும். சிஸ்டம்டி சேவையா (லினக்ஸ் தானா ஓட்டுறது) ஓடுதெண்டா, இல்லாட்டி க்ரொன்ல (குறிச்ச நேரத்துக்கு ஓட்டுறது) ஓடுதெண்டா, நீங்க பாஷ்ஆர்சி-யில எக்ஸ்போர்ட் பண்ணி வச்சது ஒண்டும் அதுக்குத் தெரியாது, அது உங்களுக்காக லொகின் பண்ணுறேல்ல. பிஎச்பி ஃப்ரேம்வேர்க்கான லரவெல்ல கொன்ஃபிக் கேஷ் போட்ட பிறகு கொன்ஃபிக் ஃபைலுக்கு வெளியால என்வ் ஃபங்ஷனைக் கூப்பிட்டா நல், அதாவது வெறுமை, தான் வரும், அதால தான் லேப்டொப்பில ஓடின கோட் புரொடக்‌ஷனில வாயைத் திறக்காது.

33 வந்தா: விண்டோஸில எழுதின என்வ் ஃபைல் லினக்ஸுக்குப் போனா ஒவ்வொரு வரி முடிவிலயும் கேரேஜ் ரிட்டர்ன் எண்டு ஒரு எழுத்து மிஞ்சும், திரையில தெரியாது. எடிட்டரில வரி முடிவை எல்எஃப் எண்டு மாத்திச் சேமியுங்கோ. எக்கோ கமாண்டால பேஸ்64 செய்தா எக்கோ தன்ர பாட்டுக்கு நியூலைன் ஒண்டைச் சேர்க்கும், அதுவும் சேர்ந்து என்கோட் ஆகும். வந்த பேஸ்64-ட கடைசியில பெரிய சி, சின்ன ஜி, பிறகு ரெண்டு சமன் அடையாளம் இருந்தா சந்தேகப்படுங்கோ, அது தனிய நிக்கிற நியூலைன். பிரின்ட்எஃப் பாவிச்சா இந்தத் தலையிடி இல்ல. லினக்ஸ் பேஸ்64 கமாண்ட் 76 எழுத்துக்கு ஒருக்கா வரியை உடைக்கும் எண்டதையும் மறக்க வேண்டாம், நீளக் கீ எண்டா நடுவில உடைஞ்சு ஹெடர் ரெண்டாகும். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட் இப்படிப்பட்ட ஹெடரைப் பாத்தா செல்லாத எழுத்து எண்டு எறர் போட்டு அனுப்பவே மாட்டுது, அது நல்லது. மோசம் என்னண்டா சத்தமில்லாம அனுப்பிற லைப்ரரிகள்.

34 வந்தா: டொக்கர் ரன் கமாண்டுக்கு என்வ் ஃபைல் குடுத்தா அது மேற்கோள் குறியைக் கழட்டாது, அப்படியே கீயிட ஒரு பகுதியா எடுக்கும். கொம்போஸ் கழட்டும். அதே ஃபைல், ரெண்டு விதமான நடத்தை. மேற்கோள் இல்லாம எழுதினா ரெண்டிலயும் தப்பலாம்.

பிறகு எங்கட ஊருக்கே உரிய ஒண்டு இருக்கு. கீயை வாட்ஸ்அப்பில அனுப்பிறது. ஐபோனில நேர் மேற்கோளை வளைஞ்ச மேற்கோளா மாத்திற செட்டிங் இருக்கு, அதில கமாண்டை எழுதி அனுப்பினா வாங்கிற ஆளிட டெர்மினலுக்கு அது விளங்காது. வாட்ஸ்அப் தானும் ரெண்டு பக்கமும் அன்டர்ஸ்கோர் இருக்கிற துண்டைச் சாய்ந்த எழுத்தாக்கி அன்டர்ஸ்கோரை மறைச்சுக் காட்டும், அதைப் பாத்து ஆரும் கையால தட்டினா கீ போச்சு. அதோட சிங்களத்தில "ஸ்ரீ" மாதிரி எழுத்துக்களை எழுதேக்க நடுவில கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் ஜொய்னர் ஒண்டு வரும், மூண்டு மொழியில தட்டிக்கொண்டிருக்கிற ஒபிஸில ஒரே குறிப்பு ஃபைலில கீயையும் வச்சு வெட்டி ஒட்டினா அந்த எழுத்து கீயோட ஒட்டிக்கொண்டு வரலாம். எழுத்து எண்ணினா ஒண்டு கூடும், பைட் எண்ணினா மூண்டு கூடும். ஹெக்ஸா மாத்திப் பாத்தா இ2 80 8டி எண்டு நிக்கும், ஹெக்ஸ் எழுத்துகளைத் தமிழில எழுதினா இப்படித் தான், நீங்க இங்கிலிஸ் இ-யும் டி-யும் எண்டு எடுங்கோ. கீயை பாஸ்வேர்ட் மெனேஜர் ஒண்டால பகிருங்கோ, களவு போறதும் குறையும்.

கடைசியா, சான்ட்பொக்ஸ், அதாவது சோதினைக் கீயை லைவ் விலாசத்துக்கு அனுப்பிறது. சொல்லவே வெக்கமான விசயம் மாதிரி இருக்கும், ஆனா ஒருக்கா பாத்திடுங்கோ. பேமென்ட் கேட்வேகளில சான்ட்பொக்ஸுக்கு ஒரு விலாசம், லைவுக்கு ஒரு விலாசம், கீயும் வேற வேற.

ரீடைரெக்ட்

யுஆர்எல்லை எச்டிடிபி எண்டு எழுதி, அது எச்டிடிபிஎஸ்-க்கு 301 போட்டா, அதாவது வேற விலாசத்துக்குத் திருப்பி விட்டா, இல்லாட்டி டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத விலாசத்தில இருந்து இருக்கிற விலாசத்துக்குத் தள்ளினா, உங்கட லைப்ரரி ரெண்டாவது தரம் கூப்பிடேக்க ஓதரைசேஷனைக் கழட்டி வச்சிட்டுப் போகலாம். இது பாதுகாப்புக்காகச் செய்யிறது, ஹோஸ்ட் மாறினா கீயை அந்நியனுக்குக் குடுக்கக் கூடாது. கேர்ல் 2018-ல வந்த 7.58.0-ல இருந்து கையால வச்ச ஓதரைசேஷன் ஹெடரையும் வேற ஹோஸ்டுக்குப் போகேக்க விடுறேல்ல. பைதன் ரிக்வெஸ்ட்ஸும் அப்படித் தான். ஆனா எக்ஸ்-ஏபிஐ-கீ மாதிரி சொந்தப் பெயர் ஹெடரை ரிக்வெஸ்ட்ஸ் கழட்டாது, அது ரகசியம் எண்டு அதுக்குத் தெரியாதே, அதால உங்கட கீ வேற ஆளிட்டப் போகவும் இடமிருக்கு. அதோட போஸ்ட் ரிக்வெஸ்ட் 301, 302-ல கெட் ரிக்வெஸ்டா மாறி பொடியும், அதாவது உள்ள அனுப்பின தரவும், இல்லாமப் போகும், 307-உம் 308-உம் தான் அப்படியே கொண்டு போகும்.

வைத்தியம் சுகம்: கேர்ல்ல ரீடைரெக்டைப் பின்தொடர விடாமக் கூப்பிட்டு, 200-க்குப் பதிலா 3-ல தொடங்கிற நம்பர் வருதோ எண்டு பாருங்கோ, வந்தா லொகேஷன் ஹெடரில இருக்கிற விலாசத்தை எடுத்து கோட்டில நேரா போடுங்கோ. கடைசிச் சாய்கோடு இருக்கிறதும் இல்லாததும் கூட ரீடைரெக்டுக்குக் காரணமாகும். எச்டிடிபி-யில ஒருக்கா போன கீ வழியில வெளிச்சமாப் போன கீ, அதை மாத்தத் தான் வேணும்.

நடுவில நிக்கிற ஆக்கள்

ஏபிஐ-யும் உங்கட கையில தான் இருக்குதெண்டா, இல்லாட்டி உங்கட ஒபிஸிலயே மற்ற டீமிட ஏபிஐ எண்டா, இந்தப் பகுதி உங்களுக்கு.

என்ஜின்எக்ஸ் அன்டர்ஸ்கோர் உள்ள ஹெடரை வழமையா தூக்கி எறியும். எறர் சொல்லாது, அக்செஸ் லொக்கிலயும் தெரியாது. "ஏபிஐ_கீ" எண்டு பெயர் வச்சா லேப்டொப்பில என்ஜின்எக்ஸ் இல்லாததால வேலை செய்யும், சேர்வரில செய்யாது. அன்டர்ஸ்கோர்ஸ் இன் ஹெடர்ஸ் எண்ட டைரக்டிவை ஓன் பண்ணலாம், ஆனா என்ர எண்ணம் பெயரை ஹைபனுக்கு மாத்திறது தான் புத்தி, ஏனெண்டா ஹெடர் பெயரை வேரியபிளா மாத்தேக்க ஹைபனும் அன்டர்ஸ்கோராத் தான் மாறும், பிறகு ரெண்டு வேற ஹெடர் ஒரே பெயரில வந்து மோதும், அந்த ஓட்டையால உள்ள வாற ஆக்களும் இருக்கினம். என்ஜின்எக்ஸில இன்னொரு பொறி, லொகேஷன் ப்ளொக்குக்குள்ள ஒரே ஒரு ப்ரொக்ஸி செட் ஹெடர் எழுதினாலும் மேல சேர்வர் ப்ளொக்கில எழுதின எல்லா ப்ரொக்ஸி செட் ஹெடரும் அந்த இடத்துக்குச் செல்லாது, எல்லாத்தையும் திருப்பி எழுதோணும்.

அப்பாச்சி சிஜிஐ, ஃபாஸ்ட்சிஜிஐ (வெப் சேர்வரைப் புரோகிராமோட இணைக்கிற முறைகள்) வழியா பிஎச்பி ஓட்டேக்க ஓதரைசேஷன் ஹெடரை உள்ள விடாது. 2.4.13-ல இருந்து சிஜிஐ பாஸ் ஓத் எண்டு ஒரு டைரக்டிவ் இருக்கு, அதை ஓன் பண்ணுங்கோ. பைதனை மொட் டபிள்யூஎஸ்ஜிஐ-யில ஓட்டினா அதுக்கும் தனியா டபிள்யூஎஸ்ஜிஐ பாஸ் ஓதரைசேஷன் எண்டு ஒண்டு இருக்கு. பிஎச்பி-க்குள்ள ஹெடரைத் தேடேக்க முன்னுக்கு எச்டிடிபி அன்டர்ஸ்கோர், எல்லாம் பெரிய எழுத்து, ஹைபன் எல்லாம் அன்டர்ஸ்கோர். நோட்ல அதுக்கு நேர்மாறா எல்லாம் சின்ன எழுத்து, நீங்க அனுப்பின மாதிரிப் பெரிய எழுத்தில தேடினா அன்டிஃபைன்ட் தான்.

டபிள்யூஎஸ்ஓ2 கேட்வே டோக்கனைப் பாத்து முடிஞ்ச உடன அந்த ஓதரைசேஷன் ஹெடரைக் கழட்டிட்டுத் தான் பின்னால இருக்கிற சேவைக்கு அனுப்பும், வழமையான செட்டிங் அது. பின்னால இருக்கிற ஆளும் அதே ஹெடரை எதிர்பாத்தா அவருக்கு ஒண்டும் கிடைக்காது. அமேசன்ர சிடிஎன் ஆன கிளவுட்ஃப்ரண்டும் நீங்க சொல்லாட்டி கெட், ஹெட் ரிக்வெஸ்டுகளில ஓதரைசேஷனைப் பின்னுக்கு விடாது. ஒவ்வொரு கையிலயும் வந்த ஹெடர் பெயர்களை மட்டும் லொக் பண்ணிப் பாத்தா எங்க காணாமப் போச்சு எண்டு தெரியும். நடுவில இருந்து தொடங்குங்கோ, அங்க இருந்தா மிச்சம் பின்னால, இல்லாட்டி முன்னால.

ப்ரவுசரில இருந்து கூப்பிடேக்க வாற கோர்ஸ் எறர் (வேற தளத்தைக் கூப்பிட ப்ரவுசர் போடுற கட்டுப்பாடு) வேற சாதி. ப்ரவுசர் முதல் ஓப்ஷன்ஸ் எண்டு ஒரு ரிக்வெஸ்டை உங்கட ஹெடர் இல்லாம அனுப்பிப் பாக்கும், அதுக்கும் சேர்வர் 401 குடுத்தா உண்மையான ரிக்வெஸ்ட் வெளிக்கிடாது. ஓப்ஷன்ஸுக்குக் கீ கேக்காதீங்கோ, அனுமதிக்கிற ஹெடர் பட்டியலில உங்கட ஹெடர் பெயரை எழுதுங்கோ, நட்சத்திரம் போட்டா ஓதரைசேஷன் அதுக்குள்ள அடங்காது. சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில கோர்ஸ் எண்ட ஒண்டே இல்ல, அங்க அதைப் போட்டு மினக்கெடாதீங்கோ. ரகசியக் கீயை ப்ரவுசர் கோட்டில வைக்கிறதா இருந்தா அதை ரகசியம் எண்டு சொல்லுறதையும் விட்டிடலாம்.

நேரம்

சில ஏபிஐ-கள் கீயை நேரா வாங்கிறேல்ல, கீயால போட்ட கையெழுத்தைக் கேக்கும், அதோட நேரத்தையும் கேக்கும். அமேசன் சேவைகளில பொதுவா 5 நிமிசம், எஸ்3 எண்ட ஃபைல் சேமிப்பில 15 நிமிசம், அதுக்கு மேல மணிக்கூடு விலகினா ஏற்காது. ஸ்ட்ரைப் வெப்ஹூக் (அவங்கட பக்கமிருந்து உங்களுக்கு வாற அறிவிப்பு) லைப்ரரிகளிலயும் வழமையான எல்லை 5 நிமிசம். உங்கட மணிக்கூடு சரியோ எண்டு பாக்கச் சுகமான வழி, அந்த ஏபிஐ அனுப்பின பதிலிலயே டேட் எண்டு ஒரு ஹெடர் ஜிஎம்டி நேரத்தில இருக்கும், அதை உங்கட சேர்வரிட யூடிசி நேரத்தோட ஒப்பிடுங்கோ.

வித்தியாசம் சரியா 19800 செக்கன் எண்டா மணிக்கூட்டில பிழை இல்ல, ஆரோ கொழும்பு நேரத்தை யூடிசி எண்டு எழுதியிருக்கினம், அஞ்சரை மணித்தியாலம் அது. அரை மணித்தியாலம் மட்டும் விலகினா மெஷின் பழசு எண்டு சந்தேகப்படுங்கோ: 1996-ல இஞ்ச நேரத்தை முன்னுக்குத் தள்ளி, பிறகு 6 மணித்தியாலத்தில வச்சு, 2006 ஏப்ரலில தான் திரும்ப 5:30-க்குக் கொண்டு வந்தவை, அதுக்கு முந்தின டைம்சோன் தரவோட ஓடுற பெட்டி இன்னும் 6-லயே நிக்கும். ஆயிரம் மடங்கு விலகினா ஜாவாஸ்கிரிப்டிட மில்லிசெக்கன், ஜேடபிள்யூடி-க்குள்ள எக்ஸ்பயரி செக்கனில இருக்கோணும்.

நேரமும் சரி, கையெழுத்து மட்டும் பொருந்தேல்ல எண்டா பொடியைப் பாருங்கோ. வந்த ஜேசனைப் பிரிச்சு, திரும்ப ஜேசனாக்கி, அதுக்குக் கையெழுத்துப் போட்டுப் பாத்தா ஒரு ஸ்பேஸ் மாறினாலும் பொருந்தாது, தமிழ் எழுத்து இருந்தா பைதன் அதை யுனிகோட் எஸ்கேப்பா மாத்தி எழுதும், கண்ணுக்கு அதே பெயர், பைட் வேற. வந்த பைட்டுக்கு அப்படியே கையெழுத்துப் பாக்கோணும், நோட் ஃப்ரேம்வேர்க்கான எக்ஸ்பிரஸில ஜேசன் பார்சர் தொட முதல் மூல பைட்டை எடுத்து வையுங்கோ.

எல்லாம் பாத்தும் சரிவரேல்ல எண்டா

அந்தக் கம்பனிக்கு எழுதேக்க "வேலை செய்யுதில்ல" எண்டு மட்டும் எழுதினா "கீயைச் சரி பாருங்கோ" எண்டு தான் பதில் வரும். கூப்பிட்ட நேரம் யூடிசி-யில செக்கன் வரைக்கும், முழு யுஆர்எல், மெதட், ஸ்டேட்டஸ், பதிலிட பொடி, பதிலில ரிக்வெஸ்ட் ஐடி மாதிரி ஹெடர் இருந்தா அது, உங்கட சேர்வர் வெளியில போற ஐபி, கீயிட கடைசி நாலு எழுத்து, இவ்வளவையும் குடுங்கோ. முழுக் கீயை ஒருத்தருக்கும் அனுப்ப வேண்டாம், அவையளுக்கு அது தேவையும் இல்ல. ரிக்வெஸ்ட் ஐடி இருந்தா அவையள் லொக்கில நேரா போய்ப் பாப்பினம், அதில உங்கட ஹெடர் வந்ததோ வரேல்லையோ எண்டு ஒரு வசனத்தில பதில் கேளுங்கோ.

சரிவந்த பிறகு, இப்ப தான் புதுக் கீ எடுக்கிற நேரம். தேடின நேரத்தில பழைய கீ டெர்மினல் ஹிஸ்டரியில, ஸ்கிரீன்ஷொட்டில, சாட் மெசேஜில எல்லாம் கிடக்கும். ஒரே நேரத்தில ரெண்டு கீ வச்சிருக்க விட்டா புதுசை ஏத்தி, வெப் சேர்வரிலயும் க்ரொன்லயும் க்யூ வேர்க்கரிலயும் (பின்னணியில வரிசையா வேலை செய்யிற புரோகிராம்) ஓடுது எண்டு கண்ட பிறகு பழசை நிப்பாட்டுங்கோ. க்யூ வேர்க்கரை ரீஸ்டார்ட் பண்ணாட்டி அது பழைய கீயை மெமரியில வச்சுக்கொண்டே ஓடும்.